கோபுரத்தில் நிற்பவர் யார்? கலை வரலாற்றுத் தரவுத்தளங்களில் தேடத் தொடங்குவோருக்கு

பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் எந்தக் கோயில் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாலும், கோபுரத்தில் இருப்பவர்களில் பாதிப் பேரை நமக்குத் தெரியும். யானை முகம் என்றால் பிள்ளையார், மயில் இருந்தால் முருகன், சிங்கமும் சூலமும் இருந்தால் அம்மன். மீதிப் பாதியில்தான் சிக்கல். உதாரணத்துக்கு இப்படி ஓர் உருவம்: ஆடையில்லாத ஆண், காலில் பாதக்குறடு, இடுப்பைச் சுற்றி ஒரு பாம்பு, அவர் கையை நோக்கித் துள்ளும் மான், பக்கத்தில் தலைமேல் பாத்திரம் சுமந்து நிற்கும் குள்ளபூதம். யார் இவர்? கைப்பேசியில் படம் பிடித்து கூகுளிடம் காட்டினால், அதேபோல வண்ணம் பூசிய வேறு பத்துக் கோபுரங்களைக் கொண்டுவந்து நிறுத்தும். பெரும்பாலும் அதோடு சரி.

கலைப்பொருள்களுக்கும் படங்களுக்கும் என்றே அருங்காட்சியகங்களும் பல்கலைக்கழகங்களும் நடத்தும் தரவுத்தளங்கள் இதற்கு உதவும். பலவும் இலவசம். நம் பிள்ளைகள் பலர் இவற்றின் பக்கமே போவதில்லை. போனவர்களும் ‘முருகன்’ என்று ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் வரவில்லை என்று திரும்பிவிடுகிறார்கள். ஏன் வரவில்லை என்பது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

படத் தரவுத்தளம் என்பது படங்களின் குவியல்தான். ஆனால் ஒவ்வொரு படத்தோடும் ஒரு பதிவு ஒட்டியிருக்கும். தலைப்பு, காலம், ஊர், எதனால் செய்தது, எவ்வளவு உயரம், என்ன எண் என்று அதில் தனித்தனிக் கட்டங்கள். தேடல் பெட்டியில் நாம் எதைத் தட்டினாலும் கணினி அந்தக் கட்டங்களில் உள்ள எழுத்தைத்தான் துழாவுகிறது. படத்தை அது பார்ப்பதே இல்லை. பதிவை எழுதியவர் என்ன சொல்லைப் போட்டாரோ அந்தச் சொல் நம்மிடம் இல்லையென்றால், படம் அங்கேயே இருந்தும் நமக்குக் கிடைக்காது.

ஒரு பதிவை நிதானமாகப் பார்ப்போம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒரு சோழர் நடராஜர் இருக்கிறார். அருங்காட்சியகத் தளத்தில் அவருடைய எண் 1987.80.1. முதலில் நிற்பது அருங்காட்சியகத்துக்கு அது வந்து சேர்ந்த ஆண்டு, நடுவில் அந்த ஆண்டின் வரவு வரிசை, கடைசியில் அந்த வரவுக்குள் எத்தனையாவது பொருள் என்பது. உலகில் பல அருங்காட்சியகங்கள் இதே முறையில்தான் எண் போடுகின்றன. தலைப்புக் கட்டத்தில் ‘ஷிவா ஆஸ் லார்ட் ஆஃப் டான்ஸ்’ என்று ஆங்கிலத்தில் போட்டு, அடைப்புக்குறிக்குள் நடராஜா என்கிறார்கள். காலம் சுமார் 11ஆம் நூற்றாண்டு. இடம் இந்தியா, தமிழ்நாடு. உயரம் 68.3 சென்டிமீட்டர். செய்பொருள் என்ற கட்டத்தில் இருப்பது ‘காப்பர் அலாய்’, அதாவது செப்புக் கலவை. நாம் ஐம்பொன் என்போம், பாடப்புத்தகம் வெண்கலம் என்று சொல்லும். இரண்டில் எதைத் தட்டினாலும் இந்தப் பதிவு வராமல் போகலாம். இன்னோர் அருங்காட்சியகம் இதே வகைச் சிலைக்கு வெண்கலம் என்றே எழுதியிருக்கும், அங்கே செப்புக் கலவை என்று தேடினால் வராது. அதனால் புதிதாக ஒரு தளத்துக்குள் போனவுடன், ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளைத் தேடிப் பிடித்து, அதன் பதிவில் அவர்கள் என்னென்ன சொல் போடுகிறார்கள் என்று பார்த்துவிடுவது நல்லது. அப்புறம் அந்தச் சொற்களை வைத்துத் தேடலாம்.

பெயர்களில்தான் பெரிய தொல்லை. முருகன் என்ற பெயரை விட்டுவிட்டு ஸ்கந்தா, கார்த்திகேயா, குமாரா, சுப்ரமண்யா என்று ஆளுக்கொரு பெயரில் எழுதி வைத்திருப்பார்கள். அந்தப் பெயர்களுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல் கிடையாது. ‘ஷ’ ஒலிக்குச் சிலர் ஆங்கிலத்தில் எஸ்ஸும் எச்சும் சேர்த்து எழுதுவார்கள், சிலர் எஸ்ஸுக்கு அடியில் புள்ளி வைப்பார்கள். நல்ல தளங்கள் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும், எல்லாத் தளமும் நல்ல தளம் என்று சொல்ல முடியாது. பினாங்கின் தண்ணீர்மலைக் கோயில் முருகனைப் பற்றி எழுத உட்காரும் மாணவர், ஒரு தாளில் ஐந்தாறு பெயர்களை இப்படி எழுதி வைத்துக்கொண்டு ஆரம்பித்தால் பிழைப்பார்.

சரி, பெயரே தெரியாத உருவத்தை எப்படித் தேடுவது?

எர்வின் பானோஃப்ஸ்கி என்ற கலை வரலாற்றாசிரியர் 1939இல் வெளியான நூலில் படத்தைப் படிக்க மூன்று படிகள் சொன்னார். முதல் படியில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்ல வேண்டும்: ஆடையில்லாத ஆண், பாதக்குறடு, மான், பாம்பு, பாத்திரம் சுமக்கும் குள்ளன். இரண்டாம் படி, அந்த அடையாளங்களை ஒரு கதையோடு சேர்ப்பது. தாருகாவனத்து முனிவர்களின் செருக்கை அடக்கச் சிவன் பிச்சை கேட்டுப் போன கதை அது. உருவத்தின் பெயர் பிக்ஷாடனர், தமிழில் பிச்சாடனர். மூன்றாம் படியில், இப்படி ஓர் உருவத்தைச் சோழர்கள் ஏன் செம்பில் வார்த்து வீதியுலா கொண்டுபோனார்கள், அந்தக் காலத்து மனிதர்களுக்கு அதில் என்ன பொருள் என்று கேட்க வேண்டும்.

எனக்கு இந்த மூன்று படிகள் பிடித்துப்போனதற்குக் காரணம், தேடும்போது எந்தத் தரவுத்தளத்துக்குப் போவது என்பதையும் இவை சொல்லிவிடுகின்றன. அருங்காட்சியகப் பதிவுகள் பெரும்பாலும் முதல் இரண்டு படிகளோடு நின்றுவிடும். விவரம் தெரிந்தவர் எழுதிய பதிவில் பிக்ஷாடனர் என்றே இருக்கும். ஆங்கிலத்தில் ‘மென்டிகன்ட்’, அதாவது இரவலர், என்ற சொல்லும் கூட இருக்கும். விவரம் தெரியாதவர் எழுதியிருந்தால் ‘நிற்கும் ஆண் தெய்வம், மானுடன்’ என்பதோடு முடிந்துவிடும். ஆகவே பெயரைப் போட்டு ஒன்றும் வராதபோது முதல் படிக்கு இறங்கி, சிவன், மான், நிற்கும் உருவம், தென்னிந்தியா என்று கண்ணில் படுவதையெல்லாம் ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். எதிர்த் திசையிலும் இது நடக்கும். பழைய சோமாஸ்கந்தர் சிலைகள் சிலவற்றில் நடுவில் இருந்த குழந்தை ஸ்கந்தர் காணாமல் போயிருப்பார். பதிவை எழுதியவர் பார்த்தது அப்பா சிவன், அம்மா உமை இருவரை மட்டும்தான். அப்படிப்பட்ட சிலைக்கு சோமாஸ்கந்தர் என்ற பெயர் பதிவில் ஏறாமலே போகலாம்.

மூன்றாம் படிக்கான பதில் படத் தரவுத்தளத்தில் கிடைக்காது, கட்டுரைத் தரவுத்தளத்துக்குத்தான் போக வேண்டும். அதற்குப் பின்னால் வருகிறேன்.

மேற்கத்தியப் படங்களுக்கு இந்த முதலிரண்டு படிகளையும் பெரிய அளவில் ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1917இல் அட்டை அட்டையாகத் தொடங்கிய இடைக்காலக் கலை அட்டவணை இன்று இணையத்தில் இலவசம். லண்டன் வார்பர்க் நிறுவனத்தின் உருவவியல் தளத்தில் கதை, பாத்திரம், காட்சி என்று கிளைகிளையாகப் பிரித்துப் படங்களை அடுக்கியிருக்கிறார்கள். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி வான் டி வால் வகுத்த ‘ஐகான்கிளாஸ்’ இன்னும் ஒரு படி மேலே போய், படத்தில் வரக்கூடிய ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணே கொடுக்கிறது. 2 என்றால் இயற்கை. அதற்குள் இறங்கினால் 25எஃப் விலங்குகள். இன்னும் இறங்கினால் வேட்டையாடும் விலங்குகள், கடைசியில் சிங்கம். ஜெர்மன் பதிவோ இத்தாலியப் பதிவோ, எண் ஒன்றாக இருப்பதால் மொழி தெரியாதவருக்கும் சிங்கம் கிடைத்துவிடும். அருமையான யோசனை. ஆனால் மொத்தமே 0 முதல் 9 வரை பத்துப் பிரிவுகள். அதில் பைபிளுக்கு முழுசாக ஒரு பிரிவு, கிரேக்க ரோமானியப் புராணங்களுக்கு முழுசாக இன்னொன்று. நம் தெய்வங்கள் எல்லாரும் ‘சமயமும் மந்திரமும்’ என்ற 1ஆம் எண் பிரிவுக்குள், பிற சமயங்கள் என்ற ஒரு மூலையில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஐரோப்பியப் படங்களை மனதில் வைத்து ஐரோப்பியர் செய்த ஏற்பாடு, குறை சொல்லிப் பயனில்லை. பினாங்குக் கோபுரத்தை அதில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

தென்னிந்திய உருவங்களுக்குப் போக வேண்டிய இடம் புகைப்படக் காப்பகங்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955இல் தொடங்கியது. அடுத்த ஆண்டிலிருந்தே அவர்களுடைய புகைப்படக்காரர்கள் ஊர் ஊராகப் போய்க் கோயில் சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் படம் எடுத்தார்கள். இன்று அந்தத் தொகுப்பில் 1.5 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் டில்லிக்குப் பக்கத்தில் குர்காவுன் மையத்தில் இதேபோல ஒரு பெரிய காப்பகம் வைத்திருக்கிறது. இவற்றில் எதற்கு அழகான முகப்பு, எது வேகமாகத் திறக்கிறது என்றெல்லாம் பார்க்காதீர்கள். கறுப்பு வெள்ளைப் படம், ஊர்ப் பெயர், கோயில் பெயர், எடுத்த ஆண்டு. இவ்வளவு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஸ்ரீபுரந்தான் நடராஜர் சாட்சி.

அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் பிரகதீஸ்வரர் கோயிலிலிருந்து ஒரு சோழர் நடராஜர் திருடு போனார். 2008இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம், நியூயார்க் கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூரின் கடையிலிருந்து ஒரு நடராஜரை 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. இரண்டும் ஒன்றா என்ற கேள்வி எழுந்தபோது கைகொடுத்தது புதுச்சேரி நிறுவனத்தின் படம். 1994இல் எடுத்தது, சிலை கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. ஆர்வலர்கள் படங்களை அருகருகே வைத்து ஒப்பிட்டார்கள். செப்புத் திருமேனியில் இது முடியும், ஏனென்றால் அதை மெழுகில் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான். அதனால் திருவாசியின் சுடர், பீடத்தின் விளிம்பு, தேய்மானம், பழைய காயம் என்று ஒவ்வொரு சிலைக்கும் தனி அங்க அடையாளம் உண்டு. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபோட் டில்லிக்கு வந்து அந்த நடராஜரைத் திருப்பிக் கொடுத்தார். கூடவே விருத்தாசலத்திலிருந்து போன அர்த்தநாரீஸ்வரரும் திரும்பினார், அவருக்கும் பழைய புகைப்படம் இருந்தது.

அருங்காட்சியகப் பதிவில் ‘பிராவனன்ஸ்’ என்று ஒரு கட்டம் இருந்தால் அதைத் தவறாமல் படியுங்கள். பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற வரலாறு அது. கலைப்பொருள் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை 1970இல் வந்தது, இந்தியாவின் தொல்பொருள் சட்டம் 1972இல். அந்த ஆண்டுகளுக்குப் பிறகு திடீரென்று ஒரு வியாபாரியிடம் தோன்றும் பொருள் என்றால், அதற்கு முன் எங்கே இருந்தது என்ற கேள்வி தானாக வரும்.

கோயிலை விட்டு ஊருக்கு வருவோம். பழைய பினாங்குப் படங்களைத் தேடுகிறவர்கள் முட்டிக்கொள்வதும் சொல்லில்தான். கேப்டன் ராபர்ட் ஸ்மித் 1818 வாக்கில் இந்தத் தீவை வரைந்தார். அந்தக் காட்சிகளை வில்லியம் டேனியல் லண்டனில் செப்புத் தகட்டில் பொறித்து 1821இல் அச்சிட்டார். குளுகோர் வீடும் நறுமணத் தோட்டங்களும், சஃபோக் மாளிகை, ஸ்ட்ராபெரி குன்றிலிருந்து தெரியும் ஜார்ஜ்டவுன், எல்லாம் அதில் உண்டு. தலைப்பில் இருப்பதோ ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு’, கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1786இல் இங்கே வந்திறங்கிய பிரான்சிஸ் லைட் இட்ட பெயர். பினாங்கு என்று மட்டும் தேடினால் சில தளங்களில் இவை ஒளிந்துகொள்ளும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டுப் புகைப்படங்களில் நம்மவர்களைத் தேட வேண்டுமானால், இன்று நாம் வசையாகக் கருதும் ‘கெலிங்’ என்ற சொல்லையும் அதன் ஆங்கில, டச்சு வடிவங்களையும் தட்டித்தான் ஆக வேண்டும். சிங்கப்பூரின் லாம்பர்ட் புகைப்பட நிறுவனம், சுமத்ராவின் மேடானில் ஸ்டுடியோ நடத்திய கிளைன்குரோதே போன்றவர்களின் படங்கள் லைடன் பல்கலைக்கழக மின்தொகுப்பில் இருக்கின்றன. அந்தக் காலத்துப் படக்குறிப்புகளில் தமிழர் என்பதைவிட அந்தச் சொல்லே சகஜம். ‘ஹிந்து’ என்பதையும் அன்றைய எழுத்துக்கூட்டலில், இரண்டு ஓ போட்டுத் தேடிப் பாருங்கள். பிடிக்காத வேலைதான். பதிவில் உள்ளதைத் தட்டினால்தான் படம் வரும், வந்த பிறகு நம் கட்டுரையில் மரியாதையான சொல்லைப் போட்டுக்கொள்ளலாம்.

சாமிப் படக் காலண்டர், பழைய அச்சுப்படம் ஆகியவற்றில் ஆர்வம் இருந்தால் ‘தஸ்வீர் கர்’ என்ற தளம் இருக்கிறது. தெற்காசிய மக்கள் கலையையே பொருளாக எடுத்துக்கொண்டு நடப்பது. லண்டன் வெல்கம் கலெக்‌ஷனிலும் இந்து தெய்வ அச்சுப்படங்கள் ஏராளம், பெரிய அளவிலேயே இறக்கிக்கொள்ளலாம். மதுரையில் 1837 வாக்கில் வரைந்த 72 சாதியினர் ஓவியத் தொகுப்பு ஒன்று, அபிரகத் தகட்டில் தீட்டியது, யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கே நூலகத் தளத்தில் கிடைக்கிறது. உடை, நகை, கைத்தொழில் கருவி என்று ஆராய்கிறவர்களுக்குப் பெரிய வரம்.

இனி மூன்றாம் படி, கட்டுரைகள். இதற்கு முதலில் நினைவுக்கு வருவது ஜேஸ்டோர், 1995இல் தொடங்கிய ஆய்விதழ்த் தொகுப்பு. 2004 முதல் தனியாக இயங்கிய ஆர்ட்ஸ்டோர் என்ற படத் தரவுத்தளமும் 2024 ஆகஸ்டிலிருந்து இதற்குள்தான். பழைய வழிகாட்டிகளில் ஆர்ட்ஸ்டோர் முகவரியைப் பார்த்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். பல்கலைக்கழக மாணவர்கள் முதலில் தங்கள் நூலகத்தின் மின்வளப் பட்டியலில் ஜேஸ்டோர் இருக்கிறதா என்று பார்க்கலாம். இல்லாவிட்டாலும் இலவசக் கணக்கு ஒன்று திறந்தால் 30 நாளுக்கு 100 கட்டுரை வரை திரையில் வாசிக்கலாம். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் தேர்வு எழுதும் மாணவருக்கு அது தாராளம். வீட்டில் இணையம் மக்கர் செய்தால் கிரீன் லேனில் பினாங்கு மின்னிலக்க நூலகம் இருக்கிறது. நம் வட்டாரத்துப் பழைய செய்திகளுக்குச் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நாளிதழ்த் தளத்தை விட்டுவிடாதீர்கள், தமிழ் முரசின் பழைய இதழ்களும் அங்கே உண்டு.

கிடைத்ததை உடனே குறித்து வையுங்கள். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் இணையத் தாக்குதலுக்கு ஆளாகி, அதன் பட்டியலே இரண்டு மாதத்துக்கு மேல் முடங்கிக் கிடந்தது. பக்கத்தின் முகவரியை மட்டும் வைத்திருந்தால் அப்படிப்பட்ட நேரத்தில் கை விரிக்க வேண்டியதுதான். பொருளின் எண் கையில் இருந்தால் வேறு வழியிலாவது தேடிப் பிடிக்கலாம். பின்டரஸ்டில் கிடைத்த படத்துக்கு இந்த எண் இருக்காது. அதனாலேயே அதை ஆதாரமாகக் காட்ட முடியாது.

உரிமை விஷயத்தை நம்மவர்கள் சுலபமாக மறந்துவிடுகிறோம். கும்பாபிஷேக மலருக்குப் படம் வேண்டும் என்றதும், கூகுளில் முதலில் வந்த மங்கலான படத்தை எடுத்து முழுப் பக்கத்துக்கு இழுத்துப் போடுகிற வழக்கம் இன்னும் போகவில்லை. மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017லும், கிளீவ்லாந்து கலை அருங்காட்சியகம் 2019லும், ஸ்மித்சோனியன் 2020லும் பொது உரிமையில் உள்ள லட்சக்கணக்கான படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டன. அச்சுக்குத் தகுந்த பெரிய கோப்பாகவே கிடைக்கும், காசு கிடையாது. பதிவுப் பக்கத்தில் ‘ஓப்பன் ஆக்சஸ்’ அல்லது ‘பப்ளிக் டொமைன்’ என்ற குறி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வணிகம் சாராத பயன்பாட்டுக்கு மட்டுமே இலவசம் என்கிறது. விளம்பரம் வாங்கி விலை வைத்து விற்கும் மலர் அதில் அடங்குமா என்பது சந்தேகம், எழுதிக் கேட்டுவிடுவதே நல்லது.

இவ்வளவு தேடியும், நம் ஊர்க் கோபுரத்துச் சுதைச் சிற்பங்கள் இந்தத் தளங்களில் அபூர்வம் என்பதைக் கவனிப்பீர்கள். சோழர் செம்புக்கு இருக்கும் மதிப்பு சிமென்டுக்கும் சாயத்துக்கும் இல்லை. ஆனால் 12 ஆண்டுக்கு ஒரு முறை திருப்பணி வரும்போது இவற்றுக்குத்தான் புதுச் சாயம் ஏறுகிறது, சிலது மொத்தமாகவே மாற்றப்படுகிறது. பழைய உருவம் எப்படி இருந்தது என்று கேட்டால் காட்ட ஒரு படம் இருக்காது. இதை நீங்களே செய்யலாம். ஒவ்வோர் உருவத்தையும் தனித்தனியாக, பிறகு நிலை நிலையாக, பிறகு முழுக் கோபுரமாக எடுங்கள். கோயில் பெயர், கோபுரத்தின் எந்தப் பக்கம், எத்தனையாவது நிலை, எடுத்த தேதி, உருவத்தின் பெயர் என்று கட்டம் கட்டமாக எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் கண்ணுக்குத் தெரிவதை எழுதினால் போதும். விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றும்போது இந்தக் கட்டங்களைத் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் நிரப்பலாம். திருப்பணிக்கு முன் தெய்வங்களைத் தற்காலிக இடத்துக்கு மாற்றும் பாலாலயம் முடிந்து சாரம் கட்டிவிட்டால் எதுவும் தெரியாது. திருப்பணிக் கூட்டம் போடும்போதே நிர்வாகத்திடம் சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள்.